நெதர்லாந்தில் ஒரு குதிரை லாயம்... முதியோருக்காகக் காத்திருக்கும் வேலை!

நெதர்லாந்து என்றதும் டூலிப் மலர்களும் காற்றாலைகளும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த நெதர்லாந்து மேற்கே, கடலோரம் இருக்கிறது. தென்கிழக்கு மூலையில் இருப்பது வேறு மாதிரியான பூமி. ஐன்ட்ஹோவன் நகரில் வென்லோ செல்லும் ரயிலில் ஏறினால், ஹெல்மண்ட் தாண்டி டியூர்ன என்ற சிறு ஊர் வருகிறது. அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால், இறங்கியதும் தொழிற்சாலைகள் மறைந்து, தட்டையான மணல் பூமியும் வரிசை வரிசையாக மரங்களும், இடையிடையே நீண்ட கூரை போட்ட பண்ணைக் கொட்டகைகளும்தான் கண்ணில் படுகின்றன. இந்தப் பகுதிக்கு ‘பீல்’ என்று பெயர்.

ஒரு காலத்தில் இது பெரும் சதுப்பு நிலம். மக்கிய செடிகொடிகள் ஆழமாகப் படிந்து கிடந்த இடம். அந்த மக்கை வெட்டி, காயவைத்து, அடுப்பெரிக்க விற்றுத்தான் இங்கே பல குடும்பங்கள் பிழைத்தன. வெட்டி முடித்த இடத்தில் வடிகால் தோண்டி, எருவைக் கொட்டிக் கொட்டி மணலை வயலாக்கினார்கள். சிறு விவசாயிகள், சத்தில்லாத மண். பயிரை மட்டும் நம்ப முடியாமல் பன்றி, கோழி வளர்ப்பில் இறங்கினார்கள். இன்று ஐரோப்பாவிலேயே கால்நடைகள் மிக நெருக்கமாக வளர்க்கப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

நான் போனது மே மாதம். சாலையோரம் மேட்டுப் பாத்திகள் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு நீளமாகக் கிடந்தன. உள்ளே வெள்ளை அஸ்பாரகஸ். நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு நெருங்கிய உறவு. வெயில் பட்டால் தளிர் பச்சையாகிவிடும் என்பதால், மண்ணுக்குள்ளேயே வளரவிட்டு வெண்மையாக அறுக்கிறார்கள். ஜூன் 24-ம் தேதியோடு அறுவடையை நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குமேல் அறுத்தால், அடுத்த ஆண்டுக்குச் செடியில் தெம்பு இருக்காது. நிலத்துக்கும் செடிக்கும் ஓய்வு வேண்டும் என்பதைத் தேதி வைத்துக் கடைப்பிடிக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் இதே கணக்கு வரப்போகிறது.

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன். மகள் குடும்பம் ஐன்ட்ஹோவனில் இருக்கிறது. அங்குள்ள தொழில்நுட்ப நிறுவனங்களில் தமிழர்கள் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில், “எங்கப்பாவுக்கு 88 வயசு. டிமென்ஷியா. ஆனா வாரத்துல ரெண்டு நாள், ‘குதிரை வேலைக்குப் போறேன்’னு காலையிலேயே கிளம்பிடுவார்” என்றார். “அப்பா, நீங்க அவசியம் பார்க்கணும்” என்று மகளும் சேர்ந்துகொண்டாள். அப்படித்தான் அந்தப் பண்ணைக்குப் போனேன். அங்கே வருகிறவர்கள் நோயாளிகள் என்பதால், பண்ணையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பண்ணையே பகல் இல்லம்

இதுபோன்ற பண்ணையை ‘ஸோர்க்பூர்டெரை’ என்கிறார்கள். நம் மொழியில் ‘பராமரிப்புப் பண்ணை’ எனலாம். முதியோர், மனவளர்ச்சி குன்றியவர்கள், மனநலம் பாதித்தவர்கள் ஆகியோர் பகலில் வந்து, பண்ணை வேலைகளில் தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள். 1998-ல் நெதர்லாந்து முழுவதும் சுமார் 75 பண்ணைகள்தான் இப்படி இருந்தன. அடுத்த 15 ஆண்டுகளில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வளர்ச்சிக்குக் கருணை மட்டும் காரணமில்லை. 1997-ல் இந்த நாட்டில் பன்றிக் காய்ச்சல் பரவியது. தொற்று கண்ட பண்ணைகளிலும், சுற்றியிருந்த பண்ணைகளிலும், விற்க வழியில்லாமல் தேங்கிய பண்ணைகளிலுமாகச் சுமார் ஒரு கோடி பன்றிகள் கொல்லப்பட்டன. அதில் கடுமையாக அடிபட்டது இந்தத் தென்கிழக்குப் பகுதி. 2001-ல் கோமாரி நோய் வந்து மாடு வளர்ப்பவர்களையும் உலுக்கியது. பிறகு, கால்நடைக் கழிவிலிருந்து வரும் நைட்ரஜன் காடுகளைப் பாதிக்கிறது என்ற பிரச்னை. 2019-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தார்கள். ‘கால்நடைகளை மட்டும் நம்பியிருந்தால் ஆகாது’ என்ற எண்ணம் பல குடும்பங்களில் வலுத்ததற்கு இப்படி அடுத்தடுத்து விழுந்த அடிகளும் ஒரு காரணம்.

நான் போன பண்ணையிலும் அதே கதைதான். கணவர் மக்காச்சோளமும் புல்லும் பயிர் செய்கிறார். மனைவி முன்பு செவிலியராக இருந்தவர். பழைய பன்றிக் கொட்டகையைச் சமையலறையும் உட்காரும் கூடமுமாக மாற்றியிருக்கிறார்கள். தரையில் வாசற்படி என்பதே இல்லை. சக்கர நாற்காலி தடையில்லாமல் உருண்டு, நேராக லாயம் வரை போகிறது. ஒரு நாளைக்கு 8 முதியோர். அவர்களுக்கு 2 பணியாளர்கள், ஒரு தன்னார்வலர். நான்கு குதிரைகள், கொஞ்சம் கோழிகள், ஒரு காய்கறித் தோட்டம். அவ்வளவுதான் ‘சிகிச்சை மையம்’.

லாயத்தில் ஒரு காலை

காலை ஒன்பதரைக்கு வேன் வந்தது. முதலில் எல்லோருக்கும் காபி. பிறகு, பண்ணைப் பெண்மணி சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். ஒவ்வொரு குதிரையின் படமும் வரிசையாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்றைய வேலைகள்: தண்ணீர்த்தொட்டி கழுவுவது, உலர்புல் எடுத்து வைப்பது, லத்தி அள்ளுவது, உடம்பு தேய்ப்பது, மேய்ச்சலுக்குக் கூட்டிப்போவது. “யாருக்கு எது?” என்று கேட்டார். யாருக்கும் அவராக வேலை ஒதுக்கவில்லை.

ஒருவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். நடக்கும்போது கைத்தடி வைத்திருந்தவர், வண்டியின் இரண்டு பிடிகள் கைக்கு வந்ததும் தடியை மூலையில் சாத்திவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டி பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஒரு ஷெட்லாந்து மட்டக் குதிரையை அருகில் நிறுத்தினார்கள். உட்கார்ந்தபடியே முதுகு எட்டும் உயரம். கழுத்திலிருந்து தொடங்கி முடி போகும் திசையிலேயே தேய்த்தார். ஐந்து நிமிடம் கழித்து, மறுபக்கம் தேய்க்க வேண்டும் என்று நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போனார்.

பெரிய குதிரை ஒன்றும் இருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஏர் உழுத கனத்த இனத்தைச் சேர்ந்த பெட்டைக் குதிரை. இந்த இனம் 800 கிலோவுக்கு மேல் வளரும். குளம்புக்கு மேல் பாவாடை கட்டியதுபோல அடர்ந்த முடி. பார்க்க அழகு. ஆனால், அங்கே ஈரமும் சேறும் தங்கினால் தோல் புண்ணாகும், உண்ணிப்பேன் சேரும். தினமும் பிரித்துப் பார்த்து உலர்த்த வேண்டும். ஆகவே, தேய்ப்பது என்பது முதியவர்களைச் சும்மா வைத்திருக்கக் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. யாராவது செய்தே ஆக வேண்டிய வேலை.

எல்லோரும் லாயத்துக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்மணிக்குக் குதிரை என்றாலே பயம். அவர் சமையலறையில் உட்கார்ந்து மதியச் சமையலுக்கு அஸ்பாரகஸ் தோல் சீவிக்கொண்டிருந்தார். யாரும் அவரை ‘வாங்க, ஒண்ணும் பண்ணாது’ என்று இழுக்கவில்லை.

காலைத் தடவிய கை

நம் பக்கத்து வீட்டுக்காரரின் தந்தை நேராகப் போய் நின்றது ‘ஹாஃப்லிங்கர்’ குதிரையிடம். செம்பழுப்பு உடல், வெளிறிய பிடரி மயிர், 22 வயது. இந்தப் பெரியவர் பிறந்து வளர்ந்தது பீல் பகுதியில் ஒரு சிறு பண்ணையில். டிராக்டர் இங்கே பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதுவரை உழவு, பரம்படிப்பு, அறுவடை வண்டி எல்லாமே குதிரைதான். இன்று 85, 90 வயதில் இருக்கும் இந்த ஊர் விவசாயிகள், சிறு வயதில் குதிரையின் தலைக்கயிறைப் பிடித்து வயலில் நடந்தவர்கள்.

அவர் பிரஷ்ஷை எடுக்கவில்லை. குதிரையின் தோள்பட்டையை ஒட்டி நின்றார். ஒரு கையைத் தோளில் வைத்து, அப்படியே கையை எடுக்காமல் முன்னங்கால் வழியாகக் கீழே இறக்கினார். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் கயிறுபோல ஓடும் தசைநாண் மேல் விரல்கள் நின்றன. பிறகு மறுபக்கம் போய், அடுத்த காலிலும் அதே இடத்தைத் தொட்டார். திரும்பவும் முதல் காலுக்கு வந்தார். பண்ணைப் பெண்மணியைக் கூப்பிட்டு டச்சு மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “சூடா இருக்குங்கறார்” என்று எனக்கு விளக்கினார் அந்தப் பெண்மணி.

நானும் தொட்டுப் பார்த்தேன். இடது காலைவிட வலது காலில் லேசான சூடு. விரலால் அழுத்தினால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறிய வீக்கம். நடக்கவிட்டால் நொண்டல் தெரியவில்லை. இதுபோன்ற நிலையில் வேலை வாங்கினால்தான், தசைநாண் கிழிந்து மாதக்கணக்கில் படுக்க வைக்கும். இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை. அவருக்கு அதை யார் சொல்லித்தந்தார்களோ, கேட்டால் சொல்ல அவரால் முடியாது. கை மறக்கவில்லை.

பண்ணைப் பெண்மணி உடனே பலகையில் அந்தக் குதிரையின் படத்துக்கு நேரே ‘ஓய்வு’ என்று எழுதினார். பெரியவரிடமே தண்ணீர்க் குழாயைக் கொடுத்து, காலில் குளிர்ந்த நீர் விடச் சொன்னார். கால்மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் தண்ணீர் விட்டார். அன்று ஹாஃப்லிங்கரோடு நடக்க வேண்டியிருந்த மற்ற இருவருக்கும் திட்டம் மாறியது. ஒருவர் முகம் சுளித்தார். ஆனால், காரணம் சொன்னதும் அவரும் வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு மேசையில் பெரியவருக்குக் காலையில் நடந்தது நினைவில்லை. தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டார். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். வீட்டில் அவரைச் சாப்பிடவைப்பதே பெரும்பாடு என்று பக்கத்து வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

குதிரை ஏன்?

குதிரையை வைத்துச் சிகிச்சை என்றாலே பலரும் சவாரியை நினைப்பார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணி, 1944-ல் போலியோவால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தவர். குதிரையில் ஏற இறங்க அடுத்தவர் உதவி வேண்டும். அந்த நிலையிலேயே 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன் பிறகுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குதிரைச் சவாரியை உடற்பயிற்சி சிகிச்சையாகப் பயன்படுத்தும் முயற்சிகள் வேகம் பிடித்தன. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும், மேல்கீழாகவும், பக்கவாட்டிலும் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, நடக்கும் மனிதரின் இடுப்பைப் போலவே அசையும். அதுதான் அதன் அடிப்படை.

ஆனால், எலும்பு தேய்ந்த முதியவர்களைக் குதிரைமேல் ஏற்றுவது ஆபத்து. விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். நான் பார்த்த பண்ணையில் யாரும் குதிரை ஏறவில்லை. தரையில் நின்றும், நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யும் வேலைகள் மட்டும்தான்.

அதிலேயே பலன் இருக்கிறது. குதிரை, இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. சுற்றியிருப்பவர் உடம்பில் பதற்றம் இருக்கிறதா என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அவசரமாக நெருங்கினால் தலையைத் தூக்கும், காதை மடக்கும். நிதானமாக மூச்சுவிட்டு நின்றால், தலையைத் தாழ்த்தி அருகில் வரும். இதற்கு வார்த்தை தேவையில்லை. நேற்று என்ன நடந்தது, மகன் பெயர் என்ன என்றெல்லாம் குதிரை கேட்பதில்லை. பேச்சும் நினைவும் தடுமாறும் ஒருவருக்கு, வீட்டில் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு ஒரு தேர்வாகிவிடுகிறது. லாயத்தில் அந்தத் தேர்வு இல்லை.

இன்னொன்றும் உண்டு. வயதானவர்களுக்கு நாம் எல்லாவற்றையும் செய்து கொடுக்கிறோம். சோறு, மாத்திரை, குளியல், துணி. அவர் கைநீட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார். குதிரைக்குத் தண்ணீர் வைப்பது அவர். அந்த ஓரிரு மணி நேரமாவது அவர் கொடுக்கிறவராக இருக்கிறார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. கொலம்பஸ் நகரில் ஒரு பகல் பராமரிப்பு இல்லத்துக்கு வந்துகொண்டிருந்த 16 அல்சைமர் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வாரம் ஒருமுறை, நான்கு வாரங்களுக்குக் குதிரைப் பண்ணைக்குப் போனார்கள். குதிரையைத் தேய்த்தார்கள், குளிப்பாட்டினார்கள், நடத்திக் கூட்டிப்போனார்கள், வாளியில் புல் வைத்தார்கள். மீதிப் பேர் இல்லத்திலேயே வழக்கமான பொழுதுபோக்குகளில் இருந்தார்கள். பண்ணைக்குப் போனவர்களிடம், போன நாளில் எரிச்சலும் முரண்டும் குறைந்திருந்தன. சிலர், நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க உதவுங்கள் என்று தாங்களாகவே கேட்டார்கள். இல்லத்தில் என்ன செய்தோம் என்பதை மறந்துவிடும் ஒரு தாயார், பண்ணையில் செய்ததை மட்டும் வீட்டில் வந்து சொன்னதாக அவருடைய குடும்பத்தார் தெரிவித்தார்கள். இந்த ஆய்வு 2014-ல் வெளியானது.

உமிழ்நீரில் உள்ள கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனையும் அளந்தார்கள். நோய் தீவிரம் குறைந்தவர்களுக்குக் குதிரையைப் பார்த்த நாளில் அது கூடியிருந்தது. புதிய இடம், புதிய விலங்கு என்பதால் வரும் ‘நல்ல பரபரப்பு’ அது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நெதர்லாந்தில் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்தில், சிமோன் டி ப்ரூயின் என்ற ஆய்வாளர் பராமரிப்புப் பண்ணைகளுக்கு வரும் டிமென்ஷியா நோயாளிகளைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தார். வழக்கமான பகல் இல்லங்களுக்குப் போகிறவர்களைவிட, பண்ணைக்குப் போகிறவர்கள் அதிகம் அசைந்து வேலை செய்கிறார்கள், வெளியில் அதிகம் இருக்கிறார்கள், உணவும் நீரும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தெரியவந்தது. மேசையில் நான் பார்த்ததும் அதைத்தான்.

இவையெல்லாம் சிறிய அளவில் நடந்த ஆய்வுகள். டிமென்ஷியாவைக் குதிரை குணப்படுத்தாது. நோய் தன் வழியில் போகும். மாறுவது, அவர் வாழும் நாளின் தரம்.

குதிரைக்கும் ஒரு கணக்கு

கால்நடை மருத்துவன் என்பதால் நான் அதிகம் கவனித்தது குதிரைகளைத்தான். ஒரு குதிரை, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்களோடு இருக்கக் கூடாது என்பது அந்தப் பண்ணையின் விதி. வாரத்தில் இரண்டு நாள்கள் முழு ஓய்வு. அன்று மேய்ச்சலும் மற்ற குதிரைகளும் மட்டுமே துணை. தேய்க்கும்போது குதிரையை இறுக்கிக் கட்டுவதில்லை. பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம். காதைப் பின்னால் மடக்குவது, வாலை வெடுக்கென்று வீசுவது, தோலைச் சிலிர்ப்பது, திரும்பத் திரும்ப இடம் மாறி நிற்பது... இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. அஸ்பாரகஸ் பாத்திக்கு ஜூன் 24 போல, குதிரைக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

குதிரைக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் பார்வை எட்டாத இடம் உண்டு. அதனால், யாராக இருந்தாலும் தோள்பக்கமாகத்தான் வர வேண்டும், வரும்போதே பேசிக்கொண்டு வர வேண்டும். தலைக்கயிறைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. முன்பக்கம் மூடிய காலணி கட்டாயம். பெரிய குதிரையை முதியவர் நடத்திப்போகும்போது, மறுபக்கம் பணியாளர் ஒருவர் இன்னொரு கயிறோடு கூடவே நடக்கிறார். இளம் குதிரையையும், காயடிக்காத ஆண் குதிரையையும் இந்த வேலைக்கு எடுப்பதே இல்லை.

பணம் யார் தருகிறார்கள்?

2015 முதல் இந்த நாட்டில் முதியோர் பகல் பராமரிப்புக்கு உள்ளாட்சி அமைப்புதான் பொறுப்பு. நோய் முற்றி, நாள் முழுக்கக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்குத் தேசிய அளவிலான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. இவருக்கு வாரம் இத்தனை நாள் பண்ணை என்று முடிவானதும், அதற்கான தொகை பண்ணைக்கு வந்துவிடுகிறது. உள்ளாட்சி வழியாக வருகிறவர்கள் கட்டுவது மாதம் 20 யூரோ அளவில்தான்.

ஆனால், ஆளை அனுப்பிவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. பராமரிப்புப் பண்ணைகளின் கூட்டமைப்பு தரச்சான்று தருகிறது. அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள், ஆட்களின் தகுதி, வருகிறவர்களின் கருத்து என்று வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். “பன்றி வளர்த்தப்போ சந்தை விலை தூக்கத்தைக் கெடுத்துச்சு. இப்போ காகித வேலை கெடுக்குது. ஆனா, எந்த மாசமும் வருமானம் நிக்கலை” என்றார் கணவர்.

நீங்கள் கேட்கக்கூடியவை...

இதைப் படித்ததும் நம் வாசகர்கள் சிலருக்குக் கேள்விகள் எழலாம். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

*‘நாமும் ஒரு குதிரை வாங்கலாமா?’*

முதியவருக்காக மட்டும் என்றால் வேண்டாம். குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். தினமும் தீனி, நடை, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுதல் என்று செலவு நிற்காது. கையாளத் தெரியாத வீட்டில் அது முதியவருக்கும் ஆபத்து, குதிரைக்கும் துன்பம். ஏற்கெனவே குதிரை வைத்திருப்பவர்கள், கிளாண்டர்ஸ் நோய் இருக்கிறதா என்பதைக் கால்நடை மருத்துவர் மூலம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

*‘மாடு, ஆட்டில் இது நடக்காதா?’*

தாராளமாக நடக்கும். நெதர்லாந்தின் பராமரிப்புப் பண்ணைகளில் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகள்தான். குதிரையோடு வளர்ந்த தலைமுறைக்குக் குதிரை. மாட்டோடு வளர்ந்தவருக்கு மாடுதான் சரி. பழகிய, சாதுவான, வயதான பசுவாக இருக்கட்டும். புதிதாகக் கன்று ஈன்ற மாடு, காளை, கொம்பு வீசும் பழக்கம் உள்ள மாடு ஆகியவற்றின் அருகில் விடாதீர்கள். மாடு கட்டியிருக்கும் கயிறு காலில் சிக்காத இடமாகப் பாருங்கள். தரை ஈரமில்லாமல், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியோ, கட்டையோ இருக்க வேண்டும்.

*‘உடம்புக்கு ஏதும் ஆகிவிடாதா?’*

குதிரை லத்தியிலும் தொழுவத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். முதியவர்கள் பலர் தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறு இடி பட்டாலும் கன்றிப்போகும். அவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை போதும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். டிமென்ஷியா உள்ளவரைத் தனியாக விடவே கூடாது. கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

*‘என்ன வேலை கொடுப்பது?’*

உண்மையான வேலையைக் கொடுங்கள். அவர் செய்யாவிட்டால் யாரோ செய்தாக வேண்டிய வேலையாக இருக்கட்டும். தீனித் தொட்டியைத் துடைப்பது, தவிடு அளந்து வைப்பது, மாட்டைத் தேய்த்துவிடுவது, மடியையும் குளம்பையும் ஒருமுறை பார்த்துச் சொல்வது. முக்கியமாக, அவர் சொன்னதைக் கேட்டு ஏதாவது செய்யுங்கள். ‘இந்த மாடு அசை போடலை’ என்று சொன்னால், ‘சரி, சரி, நீங்க போய் உட்காருங்க’ என்று அனுப்பாமல், மாட்டைப் போய்ப் பாருங்கள். பல நேரம் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நீங்கள் பார்த்துவிட்டு வந்து என்ன செய்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அவர் மறந்துபோகலாம். பரவாயில்லை, மறுநாள் காலையில் தொழுவத்துக்குப் போக வேண்டும் என்பது மறக்காது.

வயலில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பது நம் கடமை. அதை எந்தப் பக்கம் பார்த்துப் போடுகிறோம் என்பதும் முக்கியம். தொழுவம் தெரியும்படி போடுங்கள்.